நான் கொடுத்த விளக்கெண்ணெய்

என் புருஷனின் வயிற்றில் புழு இருப்பது அவருக்கு மூன்று மாதமாகத் தெரிந்திருந்தது. எனக்கு அது துணி துவைக்கப் போனபோதுதான் தெரிந்தது. அவருடைய பழைய வேட்டி ஒன்று படுக்கைப் பலகைக்கு அடியில் சுருட்டிச் செருகிக் கிடந்தது. எடுத்து உதறினேன். வெள்ளையாகவும் தட்டையாகவும் ஐந்தாறு துண்டுகள் ஒன்றோடொன்று கோத்தபடி கீழே விழுந்தன. பூசணி விதை என்று நினைத்துக் குனிந்தேன். விதையென்றால் கோத்துக்கொண்டா இருக்கும்? வேட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"எத்தனை நாளா இது?" என்று கேட்டேன்.

"தீவாளிக்கு முன்னாடியிலேருந்து."

"சொல்றதுக்கு வாயில்லையா?"

"இதை எப்படிப் புள்ள சொல்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்று மாதமாக இரண்டு பேர் சோற்றைத் தின்றுவிட்டுப் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். உடம்போ குச்சியாகிக்கொண்டே போனது. சோறு எங்கே போகிறது என்று நான் வேறு மாதிரியெல்லாம் சந்தேகப்பட்டிருந்தேன். பக்கத்து லயத்தில், எங்கள் கூலி வீட்டு வரிசைக்கு அடுத்ததில், இருந்த பெண் ஒருத்தியோடு மூன்று வாரம் காரணமில்லாமல் பேசாமல்கூட இருந்தேன்.

இந்தக் கதையைக் கேட்கிற பெண்களுக்கு இதுவரை வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தியும் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போய், மீதியைத் தானே கட்டிவிடுகிறாள். என் புருஷன் சின்னச்சாமிக்கு அம்மன் கண்ணைக் குத்திவிட்டாள் என்று சுங்கை ரம்பாய் பக்கம் பேசிக்கொள்கிறார்களாம். அம்மனை ஏன் இழுக்க வேண்டும்? செய்தவள் நான் இருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். அந்தப் படிப்பை வைத்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் மெர்லிமாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவர்கள். அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்து, நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், ஒரு லிஸ்ட் வைத்திருந்தார். வயசானவர்கள், சீக்காளிகள், பேச்சுக் கேட்காதவர்கள் பெயரெல்லாம் அதில் முதலில் ஏறும். என் புருஷனுக்காவது ஊரில் ஓர் அண்ணன் இருந்தார். நான் பிறந்ததே இந்தத் தோட்டத்தில். கப்பலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் அப்பாவையும் அம்மாவையும் புதைத்த மண் இங்கேதான் இருக்கிறது. அந்த லிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அங்கிருந்து நகர்ந்துவிடுவேன்.

அதனால்தான் அவர் மறைத்திருக்கிறார். சீக்காளி என்று பெயர் எழுதிவிடுவார்களோ என்ற பயம்.

நான் விடவில்லை. மறுநாள் விடியற்காலைப் பிரட்டில் ஆள் எண்ணி முடித்ததும் கிராணியிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிச் சீட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாலைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. தகரக் கூரை, நீளமான ஒரே அறை, இரண்டு வரிசை கட்டில். வெள்ளைக்கார டாக்டர் மலாக்காவிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற ஆறு நாளும் மருந்து கலந்து கட்டுப் போடுகிற டிரெசர்தான் டாக்டர்.

டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்க மாட்டார், ஆனால் கை மிருதுவாக இருக்கும். நான் இலையில் மடித்துக் கொண்டுபோயிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே மரம்போல ஒரு தண்டும், இரண்டு பக்கமும் கிளைகளும் தெரிந்தன.

"கிளை கொஞ்சம்தான். எண்ணிப் பார். நிறையக் கிளை இருந்தால் மாட்டிறைச்சியில இருந்து வந்த புழு. இது பண்டிப் புழு. நாடாப் புழு எண்டு சொல்லுறது. பண்டி இறைச்சி எங்க சாப்பிட்டவன்?"

என் புருஷன் கட்டிலில் இருந்தபடியே பதில் சொன்னார். எங்கள் லயத்துக்குப் பின்னால் காய்கறி போடுகிற சீனன் ஒருவன் பன்றி வளர்த்தான். அடித்தால் மலிவாகக் கொடுப்பான். கூலி குறைந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த கறி அதுதான். நான் குழம்பு வைத்தால் நன்றாக வேகவைப்பேன். இவரும் இவருடைய கூட்டாளிகளும் மட்டும் சம்பள நாளன்று ரப்பர் விறகில் தீ மூட்டி, மேலே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்பார்கள்.

"அந்த இறைச்சியில வெள்ளை வெள்ளையாய், சவ்வரிசி மாதிரி இருந்ததோ?" என்று டிரெசர் என்னைக் கேட்டார்.

இருந்தது. கொழுப்பு என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு சவ்வரிசியும் ஒரு புழுக் குஞ்சு என்றார். வேகாமல் தின்றால் குடலில் போய்த் தலையை மட்டும் சுவரில் மாட்டிக்கொள்ளும். தலையில் கொக்கிகள் உண்டு. வாய் கிடையாது. நாம் தின்று செரித்ததைத் தன் உடம்பாலேயே உறிஞ்சிக்கொண்டு, கழுத்திலிருந்து புதுத் துண்டு புதுத் துண்டாக வளர்ந்துகொண்டே போகும். வாலில் முற்றிய துண்டுகள் முட்டையோடு கழன்று வெளியே வரும். நாங்கள் எல்லோரும் ஒதுங்குவது ரப்பர் மரங்களுக்கு நடுவில்தான். சீனன் பன்றிகள் மேய்வதும் அங்கேதான். பன்றி அதைத் தின்னும், அந்தப் பன்றியை நாங்கள் தின்போம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"புழு வயித்தில இருக்கிறது பெரிய ஆபத்தில்லை. முட்டைதான் ஆபத்து," என்றார். "முட்டை மனுசன்ர வாய்க்குள்ள போனால், அவனே பண்டி மாதிரி. குஞ்சு இரத்தத்தில ஏறிச் சதையில போய் இருக்கும். மூளைக்குப் போனால் வலிப்பு வரும். கண்ணுக்குப் போனால் கண் போகும். கையை ஒழுங்காய்க் கழுவுங்கோ."

என்னையும் சோதித்தார். எனக்கு ஒன்றும் இல்லை. அன்று என் கையை எத்தனை முறை கழுவினேன் என்று கேட்காதீர்கள்.

மருந்து ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாறு. கரும்பச்சையாக, பிசுபிசுவென்று, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருந்தது. அது புழுவை மயக்கும். மயங்கியதும் கொக்கி தளரும். அந்த நேரம் பார்த்துப் பேதி உப்புக் கொடுத்து வெளியே தள்ள வேண்டும். தலையோடு வந்தால்தான் வேலை முடிந்தது. தலை மட்டும் உள்ளே நின்றுவிட்டால், மூன்று மாதத்தில் மறுபடியும் முழுசாக வளர்ந்துவிடும்.

மருந்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வெறும் கஞ்சித் தண்ணீர். அன்று சாயங்காலம் டிரெசர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கவனமாய்க் கேள், பிள்ளை. இண்டைக்கும் நாளைக்கும் எண்ணெய் ஒண்டும் உள்ளுக்குப் போகக் கூடாது. நெய், தேங்காய்ப் பால், விளக்கெண்ணெய் ஒண்டும் கூடாது. இந்த மருந்து எண்ணெயில கரையும். கரைஞ்சால் குடலில நிக்காது, இரத்தத்துக்குள்ள போகும். அது நஞ்சு."

சரி என்று தலையை ஆட்டினேன். புரியவில்லை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

ஆனால் எங்கள் லயத்தில் விளக்கெண்ணெயை யாரும் மருந்தென்று நினைப்பதே இல்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது அதுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றுவதும் அதுதான். வயிற்றில் பூச்சி என்றால் விளக்கெண்ணெய் என்பது எங்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் என்பதுபோல. அதைப் போய் நஞ்சு என்று ஒருவர் சொன்னால், படித்தவர் ஏதோ புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார் என்றுதான் மனசு எடுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா முதல் நாளே என் துணி மூட்டைக்குள் ஒரு விளக்கெண்ணெய்ச் சீசாவை வைத்து அனுப்பியிருந்தாள். "ஆஸ்பத்திரி உப்புத் தண்ணி வயித்தைக் கழுவும்டி. பூச்சியை இழுக்காது. எண்ணெய்தான் வழுக்கிக்கிட்டுத் தலையோட தள்ளும். டிரெசருக்குத் தெரிய வேணாம், அவுங்களுக்கு நம்ம பண்டிதம், கை வைத்தியமெல்லாம் புடிக்காது," என்று காதில் சொல்லியிருந்தாள். நல்ல மனசோடு சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

விடிந்ததும் மருந்து. அரை மணிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை டிரெசர் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் என் புருஷனுக்கு முகம் பச்சையாகிப் போனது. வாந்தி வரவே கூடாது என்பது டிரெசரின் கண்டிப்பு. வாந்தி எடுத்தால் முட்டைகள் குடலிலிருந்து இரைப்பைக்கு மேலேறி, ஓடு கரைந்து குஞ்சாகி ரத்தத்தில் கலந்துவிடலாமாம். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் பிடித்தேன். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுங்குங்க மாமா. முழுங்கிருங்க."

கண்ணில் தண்ணீர் வழிய விழுங்கினார். ஒரு தடவை ஏப்பம்போல ஏதோ வந்து உள்ளே போனது. வாந்தி வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து உப்புக் கரைத்துக் கொடுத்தார்கள். வயிறு இறங்கவில்லை. கால் மணி போனது, அரை மணி போனது. மரம் விழுந்து அடிபட்ட ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிரெசர் அங்கே ஓடினார். போகும்போது, "பொறுமையாய் இருங்கோ, வரும்," என்றார்.

பொறுமை என்கிற சாமான் என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. மயங்கிய புழு மறுபடியும் தெளிந்து கொக்கியை மாட்டிக்கொண்டால்? இத்தனை பட்டதும் வீணாகி, இன்னும் மூன்று மாதம் இப்படியே எலும்பாகி, கிராணியின் கண்ணில் பட்டுவிட்டால்? ஒரு முழு மணி நேரம் ஆனபோது மூட்டையை அவிழ்த்தேன். ரப்பர் பால் பிடிக்கிற மங்கு ஒன்றைக் கஞ்சி குடிப்பதற்காகக் கொண்டுவந்திருந்தேன். அதில் பாதி ஊற்றி நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். மங்கைப் பார்த்தார். வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வயிறு இறங்கியது. டிரெசர் ஓடி வந்தார். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்த சட்டியில்தான் உட்கார வேண்டும், பாதி வந்து தொங்கினாலும் கையால் இழுக்கக் கூடாது, இழுத்தால் அறுந்துவிடும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்ததும் கறுப்புத் துணியில் வடிகட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி அலசினார். வெள்ளை நாடா சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. என் புருஷனைவிட நீளம். ஒரு பக்கம் அகலமாக ஆரம்பித்து, ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் நூலாகியது. நூலின் முனையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி. அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்த டிரெசர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"தலை வந்திட்டுது."

எனக்கு அழுகை வந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் கர்வமும் வந்தது. உங்கள் உப்பு தள்ளவில்லை ஐயா, எங்கள் எண்ணெய் தள்ளியது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவருக்குத் தலைவலி. கொஞ்சம் குமட்டல். எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பட்டினி கிடந்த களைப்பு என்று நினைத்தேன். மத்தியானம் சாய்ந்ததும் டம்ளரில் கஞ்சியை நீட்டினேன். அவர் கை நீண்டு, டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "இங்க பாருங்க," என்றேன்.

"எங்க புள்ள இருக்கே? ஒரே பொகையா இருக்கு."

எதிரே ஜன்னல் வழியாக வெயில் அவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. என் கையை அவர் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன். இமை அசையவில்லை. டம்ளர் கீழே விழுந்த சத்தத்தில்தான் டிரெசர் வந்தார்.

விளக்கைப் பொருத்தி ஒவ்வொரு கண்ணிலும் காட்டிப் பார்த்தார்.

"நேற்று ஏதும் சாப்பிட்டனியோ? எண்ணெய், நெய், ஏதும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் புருஷன் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்க. நீங்க குடுத்ததுதான்."

"வாந்தி எடுத்தனியோ?"

"ஏப்பம் மாதிரி ஒண்ணு வந்துச்சுங்க."

டிரெசர் மருந்துப் புட்டியை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அளக்கும் கிளாஸை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். மருந்து சரியான அளவுதான் போயிருக்கிறது. எண்ணெயும் சேரவில்லை. அப்படியென்றால் முட்டை ரத்தத்தில் ஏறி, கண்ணுக்குப் பின்னாலோ மூளையிலோ குஞ்சு உட்கார்ந்திருக்கலாம். இத்தனை சீக்கிரம் அப்படி ஆகாது, ஒருவேளை ரொம்ப நாளாகவே இருந்திருக்கும். அதுவாக இருந்தால் தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. டாக்டருக்கு எழுதி ஆள் அனுப்பப்போகிறார், அவர் வர இரண்டு நாளாகும். மருந்து நேற்றே பேதியோடு போயிருக்கும், அதனால் அதுவரை உடம்பு தேறக் கோழி முட்டையும் பாலும் கொடுக்கலாம்.

அவர் போனதும் என் புருஷன் என் கையைத் தேடிப் பிடித்தார். "நீ வாயைத் தொறக்காதே. வெளி மருந்து குடுத்தவன்னு தோட்டத்துக்கு எழுதிட்டா, ஒன் பேரைத்தான் லிஸ்ட்ல முதல்ல போடுவாங்க."

"கண்ணு தெரியாட்டி மட்டும் உங்க பேரைப் போட மாட்டாங்களா?"

"போட்டா போடட்டும். அண்ணன் இருக்காரு. ஒனக்கு அங்க யாரு இருக்கா?"

அவர் தனியாகப் போவதற்குத் தயாராகிவிட்டார். கண் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என்னை இங்கே நிறுத்திவிட்டுத் தான் கப்பலேற அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது.

பால் வந்தது. பெரிய டம்ளர். அவர் வாயருகே கொண்டுபோனேன். மேலே ஆடை படிந்திருந்தது. ஆடையைச் சுற்றி, வெயில் பட்டுப் பொட்டுப் பொட்டாக நெய் மின்னிக்கொண்டிருந்தது. எண்ணெயில் கரையும், கரைந்தால் ரத்தத்துக்குள் போகும். வராந்தாவில் நின்று தலையாட்டியது நினைவுக்கு வந்தது. இன்னும் எவ்வளவு மருந்து குடலில் பாக்கி நிற்கிறதோ. அதன்மேல் இந்தப் பாலையும் என் கையாலேயே ஊற்றப்போகிறேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிரெசரின் அறைக்குப் போனேன். அவர் டாக்டருக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் எண்ணெய் குடுத்தேன்."

பேனா நின்றது. "என்ன எண்ணெய்?"

"வெளக்கெண்ணெய்."

"எப்ப?"

"நேத்து. நீங்க அடிபட்டவரைப் பார்க்கப் போனீங்கள்ல, அப்ப."

"எவ்வளவு?"

"பால் மங்குல பாதி."

"குடுக்க வேண்டாம் எண்டு சொன்னனான்தானே?"

"சொன்னீங்க."

"விளங்கேல்லையோ?"

"வெளங்குச்சுங்க. நம்பலை."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். "நல்ல வேளை, இப்பவாவது சொன்னாய்," என்று சொல்லிவிட்டு ஓடினார். பாலைக் கொட்டச் சொன்னார். உப்பு, மறுபடி உப்பு, அதன்பின் வடித்த பார்லித் தண்ணீர். வயிற்றில் மிச்சமிருப்பது கடைசிச் சொட்டுவரை வெளியே வர வேண்டும் என்றார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். என் புருஷன் உப்பை விழுங்கிக்கொண்டே, "ஏன் புள்ள சொன்னே, ஏன் சொன்னே," என்று முனகிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். கையில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு கண்ணுக்குள்ளும் வெகுநேரம் பார்த்தார். உள்ளே புழுக் குஞ்சு எதுவும் இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை மருந்தின் நஞ்சு தாக்கியிருக்கிறது என்றார். பிறகு டிரெசரிடம் இங்கிலீஷில் கடுமையாக ஏதோ கேட்டார். டிரெசர் தலை குனிந்து நின்றார். எனக்குப் பாஷை தெரியாவிட்டாலும் கேள்வி தெரிந்தது.

"ஐயா, எண்ணெய் கூடாதுன்னு நீங்க சொன்னதைச் சொல்லுங்க," என்றேன். "நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கலைன்னு டாக்டருகிட்டச் சொல்லுங்க."

டிரெசர் அதைச் சொன்னாரா என்று தெரியாது. டாக்டர் என் பக்கம் திரும்பி, காத்திருக்கத்தான் வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

காத்திருந்தோம். ஒவ்வொரு காலையிலும் டிரெசர் கறுப்புத் துணியை ஓரமாக விலக்கி, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார். மூன்று நாள் அவருக்கு ஒரு விரலும் தெரியவில்லை. நாலாம் நாள், ஜன்னல் இருக்கிற பக்கம் தெரிகிறது என்றார். எந்தச் சாமியையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு வேண்டுவது? அவர் கண் அசையும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ராக்காயி அக்கா தோட்டத்திலிருந்து நடந்தே வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

ஏழாம் நாள் விரல்களை எண்ணினார். வலது கண்ணால் மட்டும். பத்தாம் நாள் என் முகம் தெரிந்தது, "இளைச்சிட்டே," என்றார். இடது கண்ணுக்கு ஒன்றுமே திரும்பவில்லை. அது பார்க்க மற்றக் கண்போலவேதான் இருந்தது, ஆனால் உள்ளே இருட்டு. வலது கண்ணைக் காப்பாற்றியது உப்பா, நேரமா, தானாகவே வந்ததா என்று டிரெசரைக் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் கிராணி ஆள் அனுப்பினார். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மரம் சீவ முடியாது, பெயர் லிஸ்டில் ஏறுகிறது என்றார். நான் ஆபீஸ் வாசலை விட்டு நகரவில்லை. ஒரு மரத்தைச் சீவச் சொல்லிப் பாருங்கள் என்றேன். பலமுறை சொன்னேன். கடைசியில் தோட்டத்துத் துரையே வெளியே வந்து, சரி, பார்க்கலாம் என்றார்.

மரம் சீவுவதென்றால் பட்டையை மட்டும் மெல்லிசாக எடுக்க வேண்டும். உளி ஒரு நூல் ஆழம் போனால் கட்டையில் பட்டு மரம் காயப்பட்டுவிடும். ஒரு கண்ணுக்கு ஆழம் தெரியாது. அவர் பழைய வெட்டுக்கு முன்னால் போய் நின்றார். தலையை இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணை மரத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். இடது கட்டை விரலைப் பட்டைமேல் வைத்து, உளியை அந்த விரலை ஒட்டியே இழுத்தார். விரலால் ஆழம் பார்க்கிறார். துரை, கிராணி, எங்கள் வேலையை மேற்பார்க்கிற தண்டல், நான், நாலு பேரும் அந்த உளி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டை ஒரே சுருளாகக் கீழே விழுந்தது. பால் கோட்டில் நிரம்பி, வழிந்து, மங்கில் சொட்ட ஆரம்பித்தது. கிராணி குனிந்து வெட்டைத் தடவிப் பார்த்தார். கட்டையில் எங்கும் படவில்லை.

"இன்னொரு மரம்," என்றார் துரை.

ஆறு மரம் சீவினார். ஏழாவதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் துரை போய்விட்டார். கிராணி லிஸ்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.

நாங்கள் ரப்பர் மர நிரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் நான்தான் முன்னால் போவேன். அன்றைக்கு அவருக்கு இடப்பக்கமாக, கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"என்மேல கோவம் இல்லையா மாமா? எண்ணெய் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட மறைச்சுத்தான் குடுத்தேன்."

"எனக்கும் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"ஒன்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடியே டிரெசர் எங்கிட்டச் சொல்லிட்டாரு. வெளக்கெண்ணெய்கூடக் கூடாதுன்னு பேரைச் சொல்லித்தான் சொன்னாரு. மங்கை நீட்டுறப்பவே வாடை வந்துச்சு."

நான் நின்றுவிட்டேன். "அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

அவர் இரண்டு அடி முன்னால் போய், நான் பக்கத்தில் இல்லை என்று தெரிந்து, தலையை முழுக்கத் திருப்பி என்னைத் தேடினார்.

"நீதான குடுத்தே," என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு நான் எதைக் கொடுத்தாலும், வெறும் தண்ணீரானாலும், முதலில் ஒரு வாய் நான் குடித்துவிட்டுத்தான் நீட்டுகிறேன். புருஷனுக்கு எச்சிலைக் கொடுக்கிறாளே என்று ராக்காயி அக்கா கண்டிக்கிறாள். அவர் ஒன்றும் கேட்பதில்லை. வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார்.